கோட்லியின் இடிபாடும் ஆட்சியரின் அமானிதமும்: ஷஷி தரூரின் 'ரயட்' நாவலில் காதலும் துரோகமும்

காதலையும் தாம்பத்தியத் துரோகத்தையும் பொருளாகக் கொண்டு ஒருவர் நாவல் எழுதினால், இது ஆசிரியரின் சொந்தக் கதையோ என்னும் வினாவே வாசகர் மனத்தில் முதலில் எழுகிறது. வினா இயல்பானதுதான். ஆயினும் அந்த வாயிலில் நுழைய நமக்கு அனுமதி இல்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதைத் திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) வெளிப்படையாகத் தடுக்கிறது. அத்தடை அண்டை வீட்டாருக்கு மட்டுமே உரியது, எழுத்தாளருக்குப் பொருந்தாது என்று கொள்வதற்கு யாதொரு சான்றும் இல்லை. ஆகவே ஒரு நாவலாசிரியரின் தூண்டுதல்களை ஆராயப் புகுவோர் அவர் தாமாக வெளியிட்ட செய்திகளையும் நூல் காட்டித் தரும் தடயங்களையும் கொண்டே நிறைவு பெற வேண்டும்.

காதலைப் பற்றி எழுதுவோர் தம் பொருளை எங்கிருந்து பெறுகின்றனர் என்பதை நம் முன்னோர் அலட்சியமாக விட்டுவிடவில்லை. குர்துபாவில் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள், ஏறத்தாழ கி.பி. 1022-இல் ஷாத்திபா நகரில் தங்கியிருந்தபோது, நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலை யாத்தார்கள். புறாவின் கழுத்து வளையம் என்பது அப்பெயரின் பொருள். ஹதீஸிலும் ஃபிக்ஹிலும் ஆழங்கால்பட்ட ஓர் அறிஞர் காதலைப் பற்றி முப்பது இயல்களில் ஒரு நூல் எழுதினார் என்பதே இன்று நம்மில் பலருக்கு வியப்பாகத் தோன்றக்கூடும். அதனினும் கருதத்தக்கது அவர்கள் முகப்பில் விதித்துக்கொண்ட நிபந்தனை. பாலைவனத்து அரபிகளின் பழங்காதைகளை அவர்கள் ஒதுக்கினார்கள். தாம் கண்ணாரக் கண்டதையும் நம்பகமானோர் வாயிலாகக் கேட்டதையும் மட்டுமே எழுதினார்கள். பெயரைச் சொன்னால் ஒருவருக்கு இழுக்கு நேருமெனின் அப்பெயரை மறைத்தார்கள். வஃபா எனப்படும் வாக்கு மாறாமைக்கு ஓர் இயல், கத்ர் எனப்படும் துரோகத்திற்கு ஓர் இயல் என்று தனித்தனியே வகுத்தார்கள். இந்நூலின் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி லைடன் நூலகத்தில் எஞ்சியிருந்ததால் அது நம் கைக்கு வந்து சேர்ந்தது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் வாசிக்க எடுத்துக்கொண்டது ஷஷி தரூர் 2001-இல் வெளியிட்ட 'ரயட்' என்னும் ஆங்கில நாவல். கலவரம் என்பது அச்சொல்லின் பொருள். 1962-இல், ஆறு வயதுச் சிறுவராக, ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளியில் சேர்க்கப்பட்டு, பின்னர் பம்பாய்ப் பள்ளிக்கு மாறியவர் அதன் ஆசிரியர். அந்தப் பள்ளி அமைந்துள்ள மலையிலேயே, ஒரு மே மாத விடுமுறையில், நாம் இந்நாவலை இரண்டாம் முறை வாசித்து முடித்தோம். சேர்வராயன் மலை பின்னர் நம் வாதத்திற்குள்ளும் வரும் என்பதால் இதனை ஈண்டுக் குறித்து வைக்கிறோம்.

கதைச் சுருக்கம் இதுதான். உத்தரப் பிரதேசத்தில் ஸலீல்கர் என்னும் கற்பனை ஊர். இழிவுற்றவர் என்னும் பொருளுடைய 'தலீல்' என்ற அரபுச் சொல்லே உருதுவில் 'ஸலீல்' என ஒலிக்கிறது என்பதை அரபு கற்ற வாசகர் உடனே கண்டுகொள்வர். காலம் 1989. அயோத்தியில் கோயில் எழுப்புவதற்காகப் பூசை செய்யப்பட்ட செங்கற்களை வட இந்தியாவெங்கும் ஊர்வலமாக எடுத்துச் சென்ற ஆண்டு. அவ்வூரின் மாவட்ட ஆட்சியர் லட்சுமணன் ஒரு தமிழர். மனைவி கீதா, மகள் ரேகா. அங்கே மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுத் திட்டமொன்றில் தொண்டாற்ற வந்த அமெரிக்க மாணவி பிரிஸ்கில்லா ஹார்ட். இருவருக்கும் இடையே தகாத உறவு மலர்கிறது. ஊருக்கு வெளியே கோட்லி எனப்படும் பாழடைந்த கட்டடத்தில் அந்தி வேளைகளில் சந்திக்கின்றனர். செங்கல் ஊர்வலத்தை ஒட்டிக் கலவரம் மூண்ட நாளில் பிரிஸ்கில்லா அதே இடிபாட்டில் கொலையுண்டு கிடக்கிறாள். கொன்றவர் யார் என்பது கடைசிப் பக்கம்வரை தெரிவதில்லை. நாளேட்டுச் செய்தி, கடிதம், நாட்குறிப்பு, நேர்காணல், ஆட்சியர் எழுதிய கவிதை எனச் சிதறிய ஆவணங்களாகவே கதை முழுதும் சொல்லப்படுகிறது.

இந்நாவலுக்கான இரண்டு தூண்டுதல்களை ஆசிரியர் தாமே பலமுறை சொல்லியிருக்கிறார். முதலாவது, அவருடைய கல்லூரித் தோழர் ஹர்ஷ் மந்தர் 1989-இல் மத்தியப் பிரதேசத்தின் கர்கோன் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தபோது அங்கு மூண்ட கலவரத்தைப் பற்றி எழுதிய அனுபவக் குறிப்பு. இரண்டாவது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி. ஏமி பீல் என்னும் 26 வயது அமெரிக்க ஆய்வு மாணவி, கேப்டவுன் நகரை அடுத்த குகுலேத்து குடியிருப்பில், 1993 ஆகஸ்டு 25 அன்று ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். நிறவெறிக்கு எதிராகக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பணியாற்ற வந்தவர், அவர் யாரென்று அறியாத கறுப்பின இளைஞர்களின் கையால் மாண்டார். இவ்விரண்டையும் இணைத்தபோது நாவல் பிறந்தது என்பது ஆசிரியர் தரும் விளக்கம்.

ஆனால் கர்கோன் குறிப்பிலும் சரி, குகுலேத்துச் செய்தியிலும் சரி, காதல் இல்லை. கணவனின் துரோகமும் இல்லை. ஆசிரியர் பெற்றுக்கொண்ட மூலப்பொருள் கலவரமும் கொலையுமே. அவற்றின் நடுவே திருமணமான ஓர் ஆட்சியரின் கள்ளக் காதலைக் கொண்டுவந்து வைத்தவர் நாவலாசிரியர். அமெரிக்கப் பதிப்புக்கு 'ஒரு காதல் கதை' என்ற துணைத்தலைப்பும் சூட்டப்பட்டது. ஒரு சமூகத்தின் பேரிடரைக் காதல் கதையெனச் சந்தையில் வைப்பதைக் காணும் முஸ்லிம் வாசகர் முகம் சுளிப்பாராயின் அவரைக் குறைகூற இயலாது. 1989 அக்டோபரில் பாகல்பூர், 1992 டிசம்பர் 6-இல் பாபரி மஸ்ஜித் என அந்தச் செங்கற்களின் பாதை எங்கெங்கு சென்றது என்பதை அறிந்தவர் நாம். 2019 நவம்பர் 9-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் 2024 ஜனவரி 22-இன் கோயில் குடமுழுக்கையும் கண்டபின் இதை வாசிப்பவரும் நாமே. எனவே இந்தக் காதல் இக்கதைக்கு என்ன செய்கிறது என்று கேட்பது நம் கடமையாகிறது. வெறும் மசாலா என்று ஒதுக்குவது எளிது. நூலை நிதானமாக வாசித்தால் அந்த முடிவு நிலைக்கவில்லை.

விபசாரம் தொடர்பான கதையை வாசிப்பதே தகுமா என்று ஐயுறுவோர்க்கு விடை நெடியதன்று. அழகிய வரலாறு என அல்லாஹ்வே சிறப்பித்த யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், மணமான ஒரு பெண்ணின் வேட்கை மறைக்கப்படவில்லை. அடைக்கப்பட்ட கதவுகளும் கிழிந்த சட்டையும் விருந்தில் வெட்டுண்ட கைகளும் சொல்லப்படுகின்றன. அப்பெண்ணின் பெயர் மட்டும் சொல்லப்படவில்லை. ஸுலைகா என்ற பெயரைப் பின்வந்த மரபு சூட்டிற்று. ஜாமி பாரசீகத்தில் அதனைக் காவியமாக்கினார்; நம் தமிழில் கவிஞர் சாரண பாஸ்கரன் 'யூசுப் சுலைகா'வைப் பாடினார். பொருளைத் தொடுவது குற்றமாகாது எனில், தொட்ட கை எவ்வாறு நடந்துகொண்டது என்பதே ஆராயத்தக்கது.

காதலர் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். கோட்லி என்பது உரிமையாளர் இல்லாத இடிபாடு. யார் கட்டியது, எவருக்காகக் கட்டியது என்பது ஊருக்கே மறந்துபோன ஒன்று. நாவலின் அரசியல் முழுவதும் இந்த இடம் யாருடையது என்ற ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கிறது. பள்ளிவாசல் யாருடையது, வரலாறு யாருடையது, தேசம் யாருடையது என்று பாத்திரங்கள் ஓயாமல் வாதிடுகின்றன. அந்த வாதங்களிலிருந்து தப்பியோடும் இருவர் யாருக்கும் உரித்தாகாத ஓரிடத்தில் ஒதுங்குகின்றனர். அங்கும் இவர் யாருடையவர் என்ற வினா அவர்களைத் துரத்துகிறது. பிரிஸ்கில்லா அவனை முழுமையாகக் கேட்கிறாள். அவனோ தன்னைப் பாதி மட்டுமே தரக்கூடியவன். உடைமை பற்றிய பொது வழக்கும் உடைமை பற்றிய அந்தரங்க வழக்கும் ஒரே இடிபாட்டில் வந்து மோதுமாறு அமைத்திருப்பது, இரு தூண்டுதல்களிலும் இல்லாத காதலை ஆசிரியர் ஏன் சேர்த்தார் என்பதற்கான முதல் விடை.

இவ்விடத்தில் சேர்வராயன் கோயில் நம் நினைவில் எழுந்தது. ஏற்காட்டின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 5,326 அடி உயரத்தில் அமைந்த குகைக் கோயில் அது. குனிந்து நுழையும் குறுகிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இணையாக வைத்து வழிபடப்படுகின்றனர். மலையும் நதியும் தம்பதியராம். மே மாதத் திருவிழாவில் சுற்றுக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாகத் திரள்கின்றனர். அது நம் வழிபாட்டுத் தலமன்று; அந்நம்பிக்கையில் நமக்குப் பங்குமில்லை. ஆயினும் வெளியிலிருந்து காணும் கண்ணுக்கு ஒன்று புலப்பட்டது. குகை இருண்டதுதான், அங்கு வைக்கப்பட்டுள்ள இணையோ ஊரறிந்த இணை. ஆண்டுதோறும் ஒரு மலையே சாட்சியாகக் கூடுகிறது. ஸலீல்கரின் கோட்லியும் ஒதுக்குப்புறமான இருளே. அங்கு நிகழ்வதற்குச் சாட்சியில்லை. சாட்சி வந்துவிடுமோ என்ற அச்சமே அதன் காவல்.

நிகாஹை அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததன் கருத்தும் இதனோடு தொடர்புடையது. மணத்திற்கு வலீயும் சாட்சிகளும் விருந்தும் வேண்டப்பட்டன. அல்குர்ஆன் மணவொழுக்கத்தைப் பேசும் இரு இடங்களில் (4:25, 5:5) 'அக்தான்' என்னும் சொல் வருகிறது. 'கித்ன்' என்பதன் பன்மை அது. மறைவாக வைத்துக்கொள்ளும் துணை என்பது பொருள். வெளிப்படையான ஒழுக்கக்கேட்டைத் தனியாகவும் மறைவுத் துணையைத் தனியாகவும் திருமறை பெயரிட்டிருப்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவர். லட்சுமணனைப் போன்ற கற்றவர், பண்பாளர், தம்மைத் தூயவராகக் கருதிக்கொள்பவர் வழுக்கி விழுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். அவன் காமுகன் அல்லன். அவ்வாறு காட்டியிருந்தால் நாவல் மிக எளிதாகிப் போயிருக்கும். பெற்றோர் பார்த்து வைத்த மணத்தில் அன்பைக் காணாதவன் என்று தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டவன்.

அவனுடைய பெயரையும் சற்று நோக்க வேண்டும். இராமருக்குக் கோயில் வேண்டும் என்ற முழக்கத்தின் நடுவே ஆட்சியருக்கு லட்சுமணன் என்று பெயர். மகளுக்கு ரேகா என்று பெயர். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் 'லட்சுமண ரேகை'. சீதையைக் காக்க இளவல் கிழித்த கோடு என வடநாட்டில் புகழ்பெற்றது அது. கம்பரில் அக்கோடு இல்லை என்பதை நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்களின் கம்பன் உரைகளில் ஊறிய நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாவலில் அந்தக் கோடு ஒரு சிறுமியாக வீட்டுக்குள் நடமாடுகிறது. மனைவியின் பொருட்டு நிற்காத கால்கள் மகளின் பொருட்டு நின்றுவிடுகின்றன. பிரிஸ்கில்லாவைத் துறந்து வீடு திரும்ப அவன் முடிவு செய்வது ரேகாவை விட்டுச் செல்ல இயலாமையால்தான். நூலில் நம்மை மிகவும் கவர்ந்த நுட்பம் இது.

துரோகத்தின் மற்றொரு கிளையும் கதையில் உண்டு. பிரிஸ்கில்லாவின் தந்தை ரட்யார்ட் ஹார்ட், குளிர்பான நிறுவனம் ஒன்றின் அதிகாரியாக 1970-களில் குடும்பத்துடன் இந்தியாவில் வாழ்ந்தவர். தம் அலுவலக உதவியாளருடன் அவர் இருந்த நிலையைச் சிறுமியாகிய மகளே காண நேர்ந்தது. அக்குடும்பம் உடைந்தது. தந்தையின் துரோகத்தால் காயம்பட்ட அதே மகள், ஆண்டுகள் கழித்து, இன்னொரு சிறுமியின் தந்தையைக் காதலிக்கிறாள். அன்று கதவைத் திறந்து பார்த்தவள் இன்று கதவுக்கு உள்ளே இருக்கிறாள். ஆசிரியர் இதனை விளக்கி உரைப்பதில்லை. வாசகரே கூட்டிப் பார்க்குமாறு விட்டுவிடுகிறார். நன்று. ஏமி பீலின் பெற்றோரைப் பற்றிய செய்திகளில் இதற்கு யாதொரு மூலமும் இல்லை. இது முற்றிலும் நாவலாசிரியரின் படைப்பு.

இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமாயின் அச்சொல் 'அமானிதம்'. மணவுறவை உறுதியான உடன்படிக்கை என்று திருமறை (4:21) சிறப்பிக்கிறது. ஆட்சிப் பொறுப்பும் ஓர் அமானிதம் என்பது நபிமொழி. ஏற்காட்டு மலையில் காப்பிப் பயிரைப் பரப்பியவர் 1820-களில் சேலத்தில் ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பர். ஒரு மாவட்டத்தின் மண்ணையே மாற்றும் வலிமை அந்த நாற்காலிக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. லட்சுமணன் கெட்ட ஆட்சியர் அல்லன்; இரு சமூகத்தாரையும் அழைத்துப் பேசுகிறான், ஊர்வலத்தைத் தடுக்க முயல்கிறான், காவல் கண்காணிப்பாளர் குரிந்தருடன் தெருவில் இறங்கி நிற்கிறான். வீட்டில் அமானிதத்தை மீறியவன் அலுவலகத்தில் அதனைக் காக்கிறான். அவன் காக்கத் தவறிய உயிர்களுள் ஒன்று அவனுக்காகக் கோட்லியில் காத்திருந்தது. தனிவாழ்வின் ஒழுக்கத்திற்கும் பொதுவாழ்வின் கடமைக்கும் தொடர்பில்லை என்று இன்றைய படித்த வட்டாரங்களில் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர்; இந்நாவல் அதனை அவ்வளவு எளிதாக விடவில்லை. அதன் ஆழம் இங்குதான் இருக்கிறது.

ஆவணங்களால் கதை சொல்லும் முறையைப் பற்றி ஹதீஸ் பயின்றோர் சொல்வதற்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அறிவிப்பாளர் இருக்கிறார்; ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு முரண்படுகிறது; எவரையும் முழுமையாக நம்ப இயலாது. அறிவிப்பாளர்களின் தரத்தை எடைபோடும் வேலை வாசகருடையது. ஆயினும் முஹத்திஸ் ஒருவர் இந்நூலை வாசித்தால் வேறொன்று அவரை உறுத்தும். நம் சட்டத்தில் விபசாரக் குற்றச்சாட்டை நிறுவ நேரில் கண்ட நான்கு சாட்சிகள் வேண்டும் (24:4). கோட்லியில் நிகழ்ந்ததற்கு அத்தகைய சாட்சி கிடைப்பது ஏறத்தாழ இயலாது. பிறர் குறையை மூடிவைக்கும் 'ஸத்ர்' என்னும் பண்பே அங்கு வேண்டப்படுகிறது. கொலைக்கோ நிலைமை வேறு. அதற்குச் சாட்சியைத் தேடியாக வேண்டும், குற்றவாளியைக் கண்டாக வேண்டும். நாவலாசிரியர் இதனைத் தலைகீழாக்குகிறார். சட்டம் மூடச் சொன்னதைக் கடிதங்களாலும் கவிதைகளாலும் முற்றாகத் திறந்து காட்டுகிறார். சட்டம் திறக்கச் சொன்னதை மூடியே வைத்துவிடுகிறார். காதலர் என்ன பேசினர் என்பது நமக்குத் தெரியும், கொன்றவன் யார் என்பது தெரியாது. உண்மை எவருக்கும் முழுமையாகக் கிட்டாது என்ற தம் கருத்துக்காக இவ்வாறு செய்தார் என வாதிடலாம். அந்த அறியாமையின் விலையைச் செலுத்துவோர் யார் என்று பார்த்தால், சந்தேக வளையத்திற்குள் வருவோருள் முஸ்லிம் கணவன் ஒருவனும் நிற்கிறான். ஏழு பிள்ளைகளின் தாயான ஃபாத்திமா பீ, மனைவியின் விருப்பத்தை மதியாத அவளுடைய கணவன், குடும்பக்கட்டுப்பாட்டு ஆலோசனை கூறும் பிரிஸ்கில்லா மீது அவனுக்குள்ள சினம். நாம் உள்ளே நுழைந்து காணும் முஸ்லிம் வீடு இதுதான். காஜி மியானின் வரலாற்றை ஆராயும் பேராசிரியர் முகம்மது ஸர்வர் அறிவார்ந்த பாத்திரம். அவருடைய சொற்களில் நியாயமும் கம்பீரமும் உண்டு. ஆனால் அவர் விரிவுரையாற்றுகிறார், வாழ்ந்து காட்டப்படவில்லை. ஆசிரியர் நம்பால் நல்லெண்ணம் கொண்டவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதனாலேயே இக்குறையைச் சொல்கிறோம்.

இதனினும் பெரிய குறை கீதா. துரோகம் இழைக்கப்பட்டவள் அவள்தான். பிரிஸ்கில்லாவுக்குக் கடிதங்கள் உண்டு, லட்சுமணனுக்கு நாட்குறிப்பும் கவிதையும் உண்டு. கீதாவுக்குக் கிடைப்பது சிவன் கோயிலில் முறையிடும் சில பக்கங்கள். மற்ற இடங்களில் அவளைக் கணவனின் கண்வழியே காண்கிறோம். துரோகம் செய்பவன் தன் மனைவியைப் பற்றித் தரும் வாக்குமூலத்திற்கு எந்த நீதிமன்றம் மதிப்பளிக்கும்? கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை எண்ணிப் பார்க்கிறோம். கணவர் தம்மைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டு விலக்கியபோது, நபி (ஸல்) அவர்களிடம் வந்து அவர்கள் வாதாடினார்கள். அதே வீட்டின் ஒரு மூலையில் இருந்த தமக்கே அப்பேச்சின் சில பகுதிகள் கேட்கவில்லை என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஏழு வானங்களுக்கு அப்பால் அது கேட்கப்பட்டது; 'வாதிடும் பெண்' என்ற பெயரால் ஓர் அத்தியாயமே இறங்கிற்று. புண்பட்ட மனைவியின் குரலுக்கு இத்துணை இடம் தந்த மரபில் வந்த நமக்குக் கீதாவின் சில பக்கங்கள் போதவில்லை. கவிஞர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வந்தபோது நம் ஊர்களில் அதனைப் படித்துக் கோபித்தோரும் உண்டு, படிக்காமலே கோபித்தோரும் உண்டு. அந்நாவலின் போக்கு முழுவதும் நமக்கு உடன்பாடன்று. எனினும் மனைவியர் அங்கே பேசுகின்றனர். அடுக்களையிலும் கொல்லையிலும் தங்கள் சொற்களால் பேசுகின்றனர். ஓர் ஆட்சியரின் பங்களாவில் அது நிகழவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

ஆசிரியர் சேர்த்ததைப் பார்த்தோம். தம் இரு மூலங்களிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளாமல் விட்டதையும் பார்க்க வேண்டும்.

ஏமி பீலைக் கொன்ற குற்றத்திற்காக நால்வர் தண்டிக்கப்பட்டனர். 1998-இல் தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. அதனை எதிர்க்காமல் ஆதரித்தவர்கள் மகளை இழந்த பெற்றோர். மகளின் பெயரால் நிறுவிய அறக்கட்டளையில், அந்த நால்வருள் இருவருக்கு வேலையும் கொடுத்தனர். கொலைக்குப் பழிவாங்கும் உரிமையைப் பேசும் அதே வசனத்தில் (2:178) மன்னிப்பவரையும் மன்னிக்கப்படுபவரையும் சகோதரர் என்று அல்லாஹ் குறிக்கிறான்; அந்தச் சொல் ஒரு கிறிஸ்தவத் தாய் தந்தையரின் செயலில் உயிர்பெற்றதை நாம் வியப்போடு நினைக்கிறோம். நாவல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இம்மன்னிப்பு உலகறிந்த செய்தி. ஆயினும் ஹார்ட் தம்பதியருக்கு மன்னிக்க ஒருவருமில்லை, ஏனெனில் கொன்றவன் யாரென்றே தெரியவில்லை. அவர்கள் ஸலீல்கருக்கு வந்து, தங்கள் பழைய துரோகத்தின் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். மூலத்தில் இருந்த மன்னிப்பு வெளியேற்றப்பட்டு, மூலத்தில் இல்லாத துரோகம் உள்ளே கொண்டுவரப்பட்டது. நாவலாசிரியருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் வெளியேற்றப்பட்டதே அரியது என்பது நம் எண்ணம். கணவன் மனைவியிடம் கேட்காத மன்னிப்பு, தந்தை மகளிடம் கேட்காத மன்னிப்பு என நூலெங்கும் அதற்கான இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. லட்சுமணன் வீட்டுக்குத் திரும்புவது தவ்பா அன்று. கீதாவிடம் அவன் ஒரு சொல்லும் ஒப்புக்கொள்வதில்லை.

கர்கோன் மூலத்திற்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. அந்தக் குறிப்பை எழுதிய ஆட்சியரின் வாழ்க்கை நாவலோடு முடிந்துவிடவில்லை. 2002-இன் குஜராத் வன்முறைக்குப் பின் ஹர்ஷ் மந்தர் ஆட்சிப் பணியைத் துறந்தார். அரசு உண்மையாக விரும்பினால் எந்தக் கலவரத்தையும் சில மணி நேரத்தில் அடக்கிவிடலாம் என்பது தம் அனுபவத்தில் கண்டதாக அவர் தொடர்ந்து சொல்லிவருவது. அதே கர்கோன் நகரில் 2022 ஏப்ரலில், ராம நவமி ஊர்வலத்தை ஒட்டி வன்முறை மூண்ட மறுநாளே, அரசு நிர்வாகத்தின் புல்டோசர்கள் வீடுகளையும் கடைகளையும் இடித்தன. இழந்தோருள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரே மாவட்டத்தின் நாற்காலி 1989-இலும் 2022-இலும் எவ்வாறு வேறுபட்டது என்பதை நாவலாசிரியர் எவரேனும் எழுதுவாராயின் அதற்குக் காதல் கதை துணை தேவைப்படுமா என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு.

கும்பல் வன்முறையில் மாண்டோரின் வீடுகளைத் தேடிச் செல்லும் பயணமொன்றை 2017-இல் மந்தர் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'கார்வானே முஹப்பத்'. மஹப்பா என்னும் அரபுச் சொல் பாரசீகமும் உருதுவும் கடந்து அங்கே வந்து நிற்கிறது: அன்பின் ஒட்டகத் தொடர். பயணத்தார் ஒவ்வொரு வீட்டிலும் தரையில் அமர்ந்து, கணவனை இழந்த பெண்ணும் மகனை இழந்த தாயும் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்டனர்.